பிரான்ஸ் கிண்ணம்: ஒரு தோல்வியோடு வெளியேறும் சுற்றுப்போட்டி எப்படி நடக்கிறது?

பிரான்ஸின் தேசிய உதைபந்தாட்டக் கிண்ணச் சுற்றுப்போட்டியில் ஒவ்வோர் ஆண்டும் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழகங்கள் பங்குபற்றுகின்றன. கிராமத்துக் கழகம் முதல் பாரிஸ் சன்-ஜெர்மன் வரை எல்லோருக்கும் ஒரே கிண்ணம், ஒரே விதி: தோற்றால் வெளியே. லீக் போட்டியைப் போல அடுத்த வாரம் புள்ளிகளை ஈடுசெய்யும் வாய்ப்பு இங்கே இல்லை.

எமது ஊர்களில் கழகங்களின் ஆண்டுவிழாக்களுக்கு நடத்தப்படும் விலகல் முறைச் சுற்றுப்போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஆனால் ஒரு முழு நாட்டையும், அதன் கடல்கடந்த தீவுகளையும் சேர்த்து இதை எப்படி நடத்துகிறார்கள் என்பது அறியத்தக்கது. இந்தக் கிண்ணத்தின் வரலாறு போரோடும் இழப்போடும் பின்னியது என்பதும் அதிகம் பேசப்படாத விடயம்.

போருக்குள் தொடங்கிய கிண்ணம்

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தச் சுற்றுப்போட்டி அறிவிக்கப்பட்டது. அப்போது பிரெஞ்சு உதைபந்தாட்டத்துக்கென ஒரே அமைப்பு இருக்கவில்லை. மத அமைப்புகள் சார்ந்தது, தொழில்முறையை எதிர்ப்பது என்று பல சங்கங்கள் தனித்தனியே தமது சம்பியன்களைத் தெரிவுசெய்துகொண்டிருந்தன. அவற்றை ஒரு குடையின்கீழ் கொண்டுவர உழைத்தவர் சார்ள் சிமோன். அவர் 1915 ஜூன் மாதம் அராஸ் நகருக்கு அருகே போர்முனையில் கொல்லப்பட்டார். அவருடைய நினைவாகவே கிண்ணத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. அவரோடு பணியாற்றிய ஒன்றி டெலோனே இந்த முயற்சியை முன்னெடுத்தார். ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான சம்பியன்ஷிப் கிண்ணம் இன்று டெலோனேயின் பெயரையே தாங்கியிருக்கிறது.

முதல் ஆண்டில் 48 கழகங்கள் பங்குபற்றின. வீரர்களில் பலர் போர்முனையில் இருந்தார்கள். 1918 மே 5ஆம் திகதி பாரிஸில் நடந்த முதல் இறுதிப் போட்டியில், பாரிஸை ஒட்டிய பந்தான் நகரின் ஒலிம்பிக் கழகம், லியோன் நகரக் கழகமொன்றை 3-0 என வென்றது. போர் அதே ஆண்டு நவம்பரில்தான் ஓய்ந்தது. அடுத்த ஆண்டு, 1919இல், பிரெஞ்சு உதைபந்தாட்டச் சம்மேளனம் உருவானது. அதாவது, சம்மேளனத்துக்கு முன்பே கிண்ணம் பிறந்துவிட்டது. பிரிந்து கிடந்த சங்கங்கள் முதலில் ஒரு போட்டியில் ஒன்றுசேர்ந்தன, பின்னர்தான் ஓர் அமைப்பாகின.

கணக்கு எளியது

விலகல் முறையின் கணக்கு மிக எளியது. ஒவ்வொரு போட்டியும் ஓர் அணியை வெளியேற்றுகிறது. கடைசியில் ஓர் அணி மட்டும் எஞ்ச வேண்டும். ஆகவே 64 அணிகள் என்றால் 63 போட்டிகள். 7 ஆயிரம் அணிகள் என்றால் 6,999 போட்டிகள். எந்த ஒழுங்கில் மோதவிட்டாலும் இந்த எண்ணிக்கை மாறாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அணிகளின் எண்ணிக்கை 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துப் போகும் எண்களில் ஒன்றாக இருந்தால்தான் சுற்றுகள் மிச்சமில்லாமல் பாதியாகிக்கொண்டு வரும். ஊர்ச் சுற்றுப்போட்டியில் 11 அணிகள் பதிந்தால் என்ன செய்வோம்? ஐந்து அணிகளை விளையாடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்பி, மீதி ஆறையும் மோதவிட்டு, எட்டாக்குவோம். பிரான்ஸிலும் அடிப்படையில் அதுதான் நடக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், விளையாடாமல் முன்னே போகும் சலுகை அங்கு குலுக்கலில் கிடைப்பதில்லை. ஒரு கழகம் எந்தப் பிரிவில் விளையாடுகிறது என்பதைப் பொறுத்து, அது எந்தச் சுற்றில் உள்ளே வரும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

யார், எப்போது உள்ளே வருகிறார்கள்?

பிரான்ஸின் லீக் அமைப்பு ஒரு கோபுரம் போன்றது. உச்சியில் தொழில்முறைக் கழகங்களின் லீக் 1, அதன்கீழ் லீக் 2. அடுத்து நசியோனால், நசியோனால் 2, நசியோனால் 3. அவற்றுக்கும் கீழே பிராந்திய, மாவட்டப் பிரிவுகள்.

முதல் ஆறு சுற்றுகளையும் பிராந்திய லீக்குகள் நடத்துகின்றன. பிராந்தியத்துக்குப் பிராந்தியம் திகதி வேறுபட்டாலும், பெரும்பாலான இடங்களில் கோடை முடியும் ஓகஸ்ட் மாதத்தில் ஆட்டங்கள் தொடங்கிவிடும். மாவட்ட, பிராந்தியக் கழகங்கள் தொடக்கச் சுற்றுகளில் மோதுகின்றன. நசியோனால் 3 கழகங்கள் 3ஆம் சுற்றிலும், நசியோனால் 2 கழகங்கள் 4ஆம் சுற்றிலும், நசியோனால் கழகங்கள் 5ஆம் சுற்றிலும் சேர்கின்றன.

7ஆம் சுற்றிலிருந்து தேசியச் சம்மேளனம் பொறுப்பெடுக்கிறது. லீக் 2 கழகங்கள் உள்ளே வருவது அப்போதுதான். 8ஆம் சுற்றுக்குப் பிறகு, 64 கழகங்களின் சுற்றில், லீக் 1 கழகங்கள் களமிறங்குகின்றன. லீக் 1இல் இப்போது 18 கழகங்கள் உள்ளன. மிகுதி 46 இடங்களும் கீழிருந்து வென்று வந்தவர்களுக்குரியவை.

இந்தச் சுற்றைப் பிரெஞ்சுக்காரர் '32இன் இறுதி' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அணிகளை அல்ல, போட்டிகளை எண்ணிப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். 64 அணிகளுக்கு 32 போட்டிகள். பிரெஞ்சுச் செய்திகளைப் படித்துவிட்டு '32 அணிகள்தானே மிச்சம்' என்று புலம்பெயர் உறவினர் யாராவது சொன்னால், குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது.

1ஆம் சுற்றில் தொடங்கும் ஒரு கிராமக் கழகம் கிண்ணத்தைத் தூக்க வேண்டுமானால், தொடர்ந்து 14 வெற்றிகள் வேண்டும். லீக் 1 கழகமொன்றுக்கு ஆறு போதும். சமமான விதி என்பது சமமான பாதை அல்ல. ஆனால் பாதை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பாரிஸின் புறநகரில் எம்மவர் பிள்ளைகள் சனி, ஞாயிறுகளில் பயிற்சிக்குப் போகும் உள்ளூர்க் கழகம் சம்மேளனத்தில் பதிவுபெற்றதாக இருந்தால், அதுவும் இதே பாதையின் தொடக்கத்தில் நிற்கும் கழகங்களில் ஒன்றாகலாம்.

குலுக்கலும் மைதானமும்

எந்த அணி எதனோடு மோதும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. தொடக்கச் சுற்றுகளில் குலுக்கல் பிராந்தியத்துக்குள்ளேயே நடக்கும். ஊழியர்களும் மாணவர்களும் விளையாடும் கழகத்தை நாட்டின் மறுகோடிக்கு அனுப்புவது நியாயமல்ல, அதற்கான பணமும் அவர்களிடம் இல்லை. 7ஆம், 8ஆம் சுற்றுகளிலும் 64 கழகங்களின் சுற்றிலும் அணிகள் புவியியல் அடிப்படையில் குழுக்களாகப் பிரிக்கப்பட்டே குலுக்கப்படுகின்றன. பின்னைய சுற்றுகளில் அந்த வேலி அகன்றுவிடும்.

குலுக்கலில் முதலில் வரும் பெயரே போட்டியை நடத்தும் கழகம். இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. எதிரணியை விட இரண்டு பிரிவுகளோ அதற்கு மேலோ கீழே உள்ள கழகம் என்றால், குலுக்கல் எப்படி விழுந்தாலும் போட்டி அதன் மைதானத்தில்தான். தொழில்முறைக் கழகங்கள் சின்ன ஊர்களின் ஈரப் புல்தரைக்கு இறங்கி வர வேண்டியிருப்பது இதனால்தான். ஜனவரிக் குளிரில், உடைமாற்றும் அறையில் இடநெருக்கடியோடு, வேலிக்கு அப்பால் ஊரே கூடிநிற்க விளையாடுவது பெரிய கழகங்களுக்குப் பழக்கமில்லாதது. சிறிய கழகத்தின் மைதானம் பாதுகாப்பு விதிகளை நிறைவுசெய்யாவிட்டால் போட்டி அருகிலுள்ள வேறு மைதானத்துக்கு மாற்றப்படும்.

எஞ்சியிருக்கும் கழகங்களில் மிகக் கீழ்ப்பிரிவில் உள்ளதைப் 'பெத்தி பூசே' என்று அழைப்பார்கள். பிரெஞ்சுச் சிறுவர் கதையில் அரக்கனை ஏமாற்றித் தன் அண்ணன்மாரைக் காப்பாற்றும் கட்டைவிரல் அளவுச் சிறுவனின் பெயர் அது. ஒவ்வொரு சுற்றிலும் பத்திரிகைகள் முதலில் தேடுவது அந்தக் கழகத்தைத்தான்.

சமநிலையில் முடிந்தால்

நீண்ட காலமாகச் சமநிலையான போட்டிகள் மீண்டும் ஒருமுறை விளையாடப்பட்டன. பின்னர் 30 நிமிட மேலதிக நேரமும், அதன்பிறகு சமநிலை தவிர்ப்பு உதைகளும் வந்தன. 2020-21 பருவத்திலிருந்து, இறுதிக்கு முந்தைய சுற்றுகளில் மேலதிக நேரமும் இல்லை. 90 நிமிடம் முடிந்ததும் நேரே சமநிலை தவிர்ப்பு உதைதான்.

இந்த மாற்றம் யாருக்குச் சாதகம்? மேலதிக நேரத்தில் உடற்தகுதியும் மாற்றுவீரர்களின் தரமும் பேசும். இரண்டும் பெரிய கழகங்களிடமே அதிகம். பகலில் வேலைக்குப் போய் மாலையில் பயிற்சி எடுக்கும் ஓர் அணி 90 நிமிடம் தாக்குப்பிடித்தால், பிறகு ஐந்து உதைகள்தான். அங்கே இடைவெளி வெகுவாகக் குறைகிறது.

கலே: இறுதி வரை வந்த ஊர்

இந்த அமைப்பு எதைச் சாத்தியமாக்குகிறது என்பதற்கு 2000ஆம் ஆண்டு சிறந்த சான்று. பிரித்தானியாவுக்குக் கடல் கடக்கக் காத்திருந்தவர்களின் கதைகளில் எமக்குப் பழக்கமான அதே கலே நகரின் கழகம், அப்போது நான்காம் பிரிவில் விளையாடிய தொழில்முறையல்லாத கழகம். வீரர்களுக்கு வேறு வேலைகள் இருந்தன. அந்த அணி லில்லையும் கானையும் வீழ்த்தியது. காலிறுதியில் முதற்பிரிவுக் கழகமான ஸ்ராஸ்பூர்க்கை 2-1 என வென்றது. அரையிறுதியில், முந்தைய ஆண்டின் பிரான்ஸ் சம்பியனான போர்தோவை மேலதிக நேரத்தில் 3-1 என வென்றது.

மே 7ஆம் திகதி ஸ்ராட் டி பிரான்ஸ் மைதானத்தில் முக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் நான்த் கழகத்தோடு இறுதிப் போட்டி. முதல் கோலை அடித்தது கலே. இடைவேளைக்குப் பின் நான்த் சமப்படுத்தியது. 90ஆவது நிமிடத்தில் கிடைத்த தண்ட உதையில் அன்ரோய்ன் சிபியேர்ஸ்கி அடித்த கோலால் நான்த் 2-1 என வென்றது. கிண்ணத்தைப் பெறச் சென்ற நான்த் அணித்தலைவர் மிக்கேல் லாண்ட்ரோ, கலே அணித்தலைவரையும் அழைத்து, இருவருமாகச் சேர்ந்து அதைத் தூக்கினார்கள்.

அந்தக் கழகத்தின் பிற்காலம் மகிழ்ச்சியானதல்ல. பணநெருக்கடியில் விழுந்து 2017இல் அது கலைக்கப்பட்டது. 2018இல் மூன்றாம் பிரிவிலிருந்து இறுதிக்கு வந்து பாரிஸ் சன்-ஜெர்மனிடம் 2-0 எனத் தோற்ற லெ எர்பியே கழகம், அதே பருவத்தில் தன் லீக்கில் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. கிண்ணம் ஒரு சிறிய கழகத்துக்கு ஒரு பருவத்தின் புகழைத் தரும். நிலையான வருமானத்தைத் தராது.

கடல்கடந்த கழகங்கள்

பிரான்ஸின் ஆட்சியின்கீழ் உள்ள ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக், பிரெஞ்சு கயானா, மயோட், நியூ கலிடோனியா, தாஹிட்டி ஆகிய இடங்களின் கழகங்களும் இந்தக் கிண்ணத்தில் விளையாடுகின்றன. தமது தீவுகளில் தகுதிகாண் போட்டிகளை வென்று தேசியச் சுற்றுகளுக்கு வருகின்றன.

ரியூனியனுக்கும் எமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். மொழி பெரும்பாலும் கைவிட்டுப் போனாலும் பெயர்களும் கோயில்களும் எஞ்சியிருக்கின்றன. அந்தத் தீவின் சன்-பியர் நகரக் கழகம் 2020 ஜனவரியில், 9 ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் பயணித்து வந்து, லீக் 2 கழகமான நியோரை அதன் சொந்த மைதானத்தில் 2-1 என வென்றது. 1989இல் பிரெஞ்சு கயானாவின் கெல்டார் கழகத்துக்குப் பிறகு, கடைசி 32 கழகங்களுக்குள் வந்த இரண்டாவது கடல்கடந்த கழகம் அது. அடுத்த சுற்றில் எப்பினாலிடம் 1-0 எனத் தோற்றது. 1990 உலகக் கிண்ணத்தில் கமரூனுக்காக விளையாடி உலகை வியக்கவைத்த ரொஜர் மில்லா, அதற்குச் சற்று முன்பு விளையாடிக்கொண்டிருந்ததும் இதே சன்-பியர் கழகத்தில்தான்.

ஆக்கிரமிப்புக் காலமும் அல்ஜீரியாவும்

1940 மே 5ஆம் திகதி அந்த ஆண்டின் இறுதிப் போட்டி பாரிஸில் நடந்தது. ஐந்து நாட்கள் கழித்து ஜெர்மனியப் படையெடுப்புத் தொடங்கியது. நாடு ஆக்கிரமிக்கப்பட்ட வலயம், ஆக்கிரமிக்கப்படாத வலயம், தடைசெய்யப்பட்ட வலயம் எனத் துண்டாடப்பட்டபோது, கிண்ணமும் வலயம் வலயமாகவே நடந்தது. ஒவ்வொரு வலயத்தின் வெற்றியாளரும் கடைசியில் மோதிக்கொண்டார்கள். 1943-44 பருவத்தில் விஷி அரசு தொழில்முறைக் கழகங்களை ஒதுக்கிவிட்டுப் பிராந்திய அணிகளை உருவாக்கியது. அந்த ஆண்டின் கிண்ணம் நான்சி-லொறேன் என்ற அத்தகைய அணியிடம் போனது. மறு ஆண்டிலேயே அந்த ஏற்பாடு மறைந்துவிட்டது.

அல்ஜீரியா பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில் அங்குள்ள கழகங்களும் இதில் விளையாடின. விடுதலைப் போர் உச்சத்தில் இருந்த 1957 பெப்ரவரியில், அல்ஜியர்ஸின் எல் பியார் கழகம், முந்தைய ஆண்டு ஐரோப்பியக் கிண்ண இறுதியில் விளையாடிய ரெய்ம்ஸ் கழகத்தை 2-0 என வென்றது. அதே ஆண்டு மே மாதம், கிண்ண இறுதிப் போட்டி முடிந்து வெளியே வந்த அலி செக்கால், மைதானத்தின் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அல்ஜீரியச் சட்டசபையின் முன்னாள் துணைத் தலைவரான அவர், பிரெஞ்சு ஆட்சிக்கு ஆதரவானவர்.

1958 ஏப்ரலில், பிரெஞ்சுக் கழகங்களில் விளையாடிய அல்ஜீரிய வீரர்கள் சிலர் இரகசியமாக வெளியேறி, விடுதலை இயக்கத்தின் உதைபந்தாட்ட அணியில் சேர்ந்தார்கள். பீபா அந்த அணியை அங்கீகரிக்கவில்லை. ஆயினும் அது நாடு நாடாகச் சென்று விளையாடியது. அவர்களில் ஒருவர் சன்-எத்தியன் கழகத்தின் ரஷீத் மெக்லூஃபி. பிறந்தது செத்திப் நகரம். 1945 மே மாதம் பிரெஞ்சுப் படைகள் பெருந்தொகையான அல்ஜீரியர்களைக் கொன்ற படுகொலைகள் தொடங்கிய இடம் அது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்ற பின் மெக்லூஃபி சன்-எத்தியனுக்குத் திரும்பினார். 1968 கிண்ண இறுதியில் போர்தோவுக்கு எதிராக அவர் அணி 2-1 என வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் மெக்லூஃபியே. பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் எந்த அரசை விட்டுப் போனாரோ, அதே அரசின் தலைவர் டி கோல் அன்று கிண்ணத்தைக் கையளிக்க வந்திருந்தார்.

வென்றால் கிடைப்பது

1927இல் ஜனாதிபதி காஸ்தோன் டூமேர்க் இறுதிப் போட்டிக்கு வந்ததிலிருந்து, நாட்டின் ஜனாதிபதி முன்னிலையில் இறுதி நடப்பது மரபாகியிருக்கிறது. வெல்லும் கழகத்துக்கு அடுத்த பருவத்தின் யூரோப்பா லீக்கில் இடம் கிடைக்கும். ஏற்கனவே லீக் தரவரிசையால் அதைவிட உயர்ந்த ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தால், அந்த இடம் லீக் தரவரிசைப்படி வேறொரு கழகத்துக்குப் போகும். கிண்ண வெற்றியாளரும் லீக் 1 சம்பியனும் தனியே ஒரு போட்டியில் மோதுவதும் உண்டு. 2025 வரை அதிக தடவை, 16 முறை, வென்றது பாரிஸ் சன்-ஜெர்மன். அடுத்தது 10 முறை வென்ற மார்செய். 2001 முதல் பெண்களுக்கும் தனியான பிரான்ஸ் கிண்ணம் நடைபெறுகிறது.

மே 5

1918 முதல் இன்றுவரை வெற்றியாளர் பெயர் இல்லாத ஒரே ஆண்டு 1992. அந்த ஆண்டு மே 5ஆம் திகதி, கோர்சிக்கா தீவின் ஃபுரியானி மைதானத்தில் பஸ்தியா - மார்செய் அரையிறுதி நடக்கவிருந்தது. கூடுதல் பார்வையாளர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பழைய பார்வையாளர் அரங்கொன்றை இடித்துவிட்டு, சில நாட்களுக்குள் தற்காலிக இரும்பு அரங்கொன்றை எழுப்பியிருந்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு அதன் மேற்பகுதி சரிந்தது. 19 உயிர்கள் போயின. 2,300க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பலர் வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாதவர்களானார்கள். இறுதிப் போட்டி நடத்தப்படவில்லை.

உயிரிழந்தோரின் குடும்பங்களும் தப்பியவர்களும் ஒன்றுசேர்ந்து ஒரு கோரிக்கையை முன்வைத்தார்கள்: மே 5ஆம் திகதி பிரான்ஸில் தொழில்முறை உதைபந்தாட்டம் நடக்கக் கூடாது. போட்டி அட்டவணைச் சிக்கல், தொலைக்காட்சி ஒப்பந்தம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. மௌன அஞ்சலி போதாதா என்றும் கேட்கப்பட்டது. குடும்பங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கோர்சிக்காவைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினர் மிஷேல் கஸ்தெல்லானி கொண்டுவந்த சட்டமூலம் 2021 ஒக்டோபரில் நிறைவேறியது. அன்றிலிருந்து மே 5ஆம் திகதி லீக் 1, லீக் 2, பிரான்ஸ் கிண்ணம் ஆகியவற்றில் எந்தப் போட்டியும் இல்லை. அன்று நடக்கும் ஏனைய போட்டிகளில் வீரர்கள் கறுப்புப் பட்டி அணிந்து, ஒரு நிமிடம் மௌனம் காக்கிறார்கள்.

இதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் பிடித்தன. இறந்தவர்களை நினைவுகூரும் நாளுக்காக இன்னமும் போராட வேண்டியிருக்கும் எமது மக்களுக்கு, அந்தக் குடும்பங்கள் கேட்டது என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. கிண்ணத்தின் முதல் இறுதிப் போட்டி நடந்ததும் ஒரு மே 5ஆம் திகதியில்தான். இப்போது அந்தத் திகதியில் பிரான்ஸ் கிண்ணப் போட்டி எதுவும் குறிக்கப்படுவதில்லை.